2024 கோடையில் லிவர்பூல், பார்சிலோனா, பயேர்ன் மூன்றும் காலி: நீங்கள் கோச்சாக இருந்தால் எங்கே போயிருப்பீர்கள்?

டிக்கோயா பத்தாம் நம்பர்:

வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த சண்டை ஓய மாட்டேன் என்கிறது, அதனால் இங்கே கொண்டு வருகிறேன். 2024 கோடையில் ஐரோப்பாவின் மூன்று பெரிய கழகங்களில் கோச் வேலை ஒரே நேரத்தில் காலியானது. லிவர்பூலில் க்ளொப் ஜனவரியிலேயே போகிறேன் என்று சொல்லிவிட்டார். பயேர்ன் மியூனிக் பெப்ரவரியில், பருவம் முடிந்ததும் டூஹெலைப் பிரிவதாக அறிவித்தது. பார்சிலோனாவில் சாவி ஜனவரியில் போகிறேன் என்றார், ஏப்ரலில் இருக்கிறேன் என்றார், மே மாதம் கழகமே அவரை அனுப்பிவிட்டது. செல்சியில் பொச்சட்டீனோவும் அதே மாதம்தான் போனார், ஆனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, செல்சி வேலை எப்போதுமே காலிதானே.

முதலில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் சாபி அலொன்சோ. லிவர்பூலுக்கும் ஆடியவர், பயேர்னுக்கும் ஆடியவர். அவரோ மார்ச் மாதமே லெவர்குசனை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, லீக்கில் ஒரு போட்டிகூடத் தோற்காமல் கிண்ணத்தையும் தூக்கினார். கடைசியில் லிவர்பூலுக்கு ஃபெயனூர்டிலிருந்து ஆர்ன ஸ்லொட், பார்சிலோனாவுக்கு ஹன்சி ஃப்ளிக், பயேர்னுக்கு பேர்ன்லியோடு அப்போதுதான் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியிருந்த வின்சென்ட் கொம்பனி. மூன்று பேரும் முதல் பருவத்திலேயே லீக் வென்றுவிட்டார்கள். ஆகவே யார் வென்றது என்று பார்த்து இதைத் தீர்க்க முடியாது.

உங்களுக்குக் கேள்வி இதுதான். 2024 மே மாதம், மூன்று ஒப்பந்தமும் மேசையில் இருக்கிறது, பிறகு நடந்த எதுவும் உங்களுக்குத் தெரியாது. எதில் கையெழுத்துப் போடுவீர்கள்? ரசிகனாக வேண்டாம், வேலை தேடுகிறவனாகச் சொல்லுங்கள். நான் லிவர்பூல் ரசிகன் என்பதால் என் வாக்கு செல்லாது என்று குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது.

பண்டாரவளை பார்சா:

பார்சிலோனா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யமாலுக்கு அப்போது 16 வயது, குபார்சிக்கு 17. இரண்டு பேரும் ஏற்கெனவே முதல் அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்றக் கழகங்கள் பத்துக் கோடி யூரோ கொட்டித் தேடுகிற பையன்கள் இங்கே சொந்தப் பள்ளியிலிருந்து சும்மா நடந்து வருகிறார்கள்.

கடன் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, நூறு கோடி யூரோவுக்கு மேல். லீக்கின் சம்பள வரம்பால் வாங்கிய ஆளைப் பதிவு செய்யவே அல்லாட வேண்டியிருந்தது. 2024 ஓகஸ்டில் டானி ஒல்மோவைப் பதிவு செய்ய இன்னொரு வீரர் கிறிஸ்டென்சனின் காயத்தைக் காரணம் காட்ட வேண்டி வந்தது, ஜனவரியில் அதே பதிவு மறுபடி சிக்கலாகி அரசின் விளையாட்டுச் சபை வரைக்கும் போனது. சொந்த மைதானம் கேம்ப் நூவும் இடிபாடாகக் கிடந்து மொன்ஜுயிக் மலையில் ஆடினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கோச்சின் இடத்திலிருந்து பாருங்கள். காசில்லாத கழகத்தில் தலைவர் தனக்குப் பிடித்த ஒரு நட்சத்திரத்தை வாங்கிவந்து இவனைப் போடு என்று தலையில் கட்ட முடியாது. சின்னப் பையன்களைப் போட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. அந்தக் கோடையில் எதிரி ரியல் மட்ரிட் சம்பியன்ஸ் லீக்கையும் வென்று எம்பாப்பேயையும் எடுத்திருந்தது. பார்சா இரண்டாவதாக வந்திருந்தால்கூட யாரும் ஃப்ளிக்கைத் திட்டியிருக்க மாட்டார்கள். எதிர்பார்ப்பு கீழே, ஆட்கள் மேலே, கோச்சுக்கு இதைவிட நல்ல கலவை எங்கே கிடைக்கும்? விளைவைப் பார்க்கக் கூடாது என்றீர்கள், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்தப் பருவத்தில் மட்ரிட்டோடு நான்கு போட்டி, நான்கிலும் வெற்றி, 4-0, 5-2, 3-2, 4-3. கடைசிப் போட்டியின் முதல் பாதியை டிஷ்ஷில் மழை விழுங்கிவிட்டது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

லிந்துலை லெஃப்ட் பேக்:

பார்சா தம்பி, ஆட்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஆட்களை மட்டும் பார்த்து வேலைக்குப் போகிறவன் ஒரு வருடத்தில் திரும்பி வருவான்.

நம்ம பக்கம் ஒரு தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தால் பங்களாவின் அழகைப் பார்த்தா சந்தோஷப்படுவார்? பழைய விதைத் தேயிலை எவ்வளவு, புதுக்கன்று போட்ட மலை எவ்வளவு, கொழும்பிலிருக்கிற கம்பனி மாதம் எத்தனை கிலோ கேட்கிறது, அந்தக் கிலோ வருவதற்கு உரத்துக்குக் காசு தருமா, இதைத்தான் பார்ப்பார். உரம் தராமல் கொழுந்து மட்டும் கேட்கிற கம்பனியிடம் எந்தத் துரை வந்தாலும் கெட்ட பெயர்தான். கோச் வேலையும் அச்சு அசல் இதுதான்.

அந்தக் கணக்கில் லிவர்பூலைப் பாருங்கள். கோச்சைத் தேடுவதற்கு முன்னாலேயே மேல் அறையை, அதாவது நிர்வாகத்தை, ஒழுங்குபடுத்தினார்கள். மார்ச் மாதம் பழைய விளையாட்டுப் பணிப்பாளர் மைக்கல் எட்வர்ட்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அவர் ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டுப் பணிப்பாளராக எடுத்தார், அதற்குப் பிறகுதான் இவர்கள் இருவரும் உட்கார்ந்து கோச்சைத் தெரிவு செய்தார்கள். தன்னைத் தெரிவு செய்தவர்களே மேலே இருக்கும்போது வேலைக்குப் போகிறவனுக்குப் பாதிப் பயம் போய்விடும். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது, கோச் வந்து ஆறு மாதம் கழித்துப் புதுப் பணிப்பாளர் வருவார், அவருக்கு வேறொரு கோச் பிடித்திருக்கும், அப்புறம் என்ன, கதை முடிந்தது.

அணியும் சும்மா இல்லை. முந்திய கோடையில்தான் க்ளொப் நடுக்களத்தை மொத்தமாக மாற்றியிருந்தார்: மக் அலிஸ்டர், சொபொஸ்லாய், எண்டோ, கிரவென்பெர்க். 82 புள்ளிகளோடு மூன்றாமிடம். சலாஹ், வன் டைக், அலெக்சாண்டர் ஆர்னல்ட் மூவருக்கும் ஒப்பந்தம் 2025 ஜூனில் முடிகிறது என்பதுதான் ஒரே பெரிய ஓட்டை. ஆனால் கவனியுங்கள், ஒப்பந்தம் முடியப்போகிற வருடத்தில் சலாஹ் மாதிரி ஆள் எப்படி ஆடுவார்? உயிரைக் கொடுத்து ஆடுவார். ஆடினார். ஸ்லொட் கேட்ட சுபிமென்டி வரமாட்டேன் என்றதும் அவர் அழவில்லை, கிரவென்பெர்க்கை ஆறாம் நம்பர் இடத்துக்கு, அதாவது தற்காப்புக்கு முன்னால் நிற்கிற நடுக்கள இடத்துக்கு, இழுத்து, அந்தப் பருவம் ஆடுவதற்கு கியேசாவை மட்டும் புதிதாக எடுத்து, நான்கு போட்டி மிச்சமிருக்கும்போதே டொட்டன்ஹாமை 5-1 என்று அடித்துக் கிண்ணத்தைத் தூக்கினார்.

பயேர்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் அங்கே கோச்சாக இருந்த நாகல்ஸ்மான் எந்த நிலையில் வேலை இழந்தார் என்று ஞாபகமிருக்கிறதா? லீக்கில் டொட்மண்டுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால், சம்பியன்ஸ் லீக்கில் ஆடிய எட்டுப் போட்டியிலும் வெற்றி, கால் இறுதி வாசலில். அப்படி ஒருவரையே அனுப்புகிற வீட்டுக்கு நீங்கள் எந்த நம்பிக்கையில் பெட்டி தூக்கிக்கொண்டு போவீர்கள்? 2024-இல் அலொன்சோ வேண்டாம் என்றார், நாகல்ஸ்மான் ஜேர்மன் தேசிய அணியோடு ஒப்பந்தத்தை நீடித்துக்கொண்டார், ரங்க்னிக் ஒஸ்திரிய தேசிய அணியே போதும் என்றார், போகச்சொன்ன டூஹெலிடமே திரும்பப் பேசிப் பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை. ஊரே வேண்டாம் என்கிற வேலையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நானுஓயா நைன்:

அண்ணே, ஊரே வேண்டாம் என்றதால்தானே கொம்பனிக்குக் கிடைத்தது. 19-ஆவதாக வந்து இறங்கிய அணியின் கோச்சுக்கு லிவர்பூலோ பார்சாவோ கதவைத் திறந்திருக்குமா? எந்த வேலை நல்ல வேலை என்று பொதுவாகக் கேட்பதே பிழை, யாருக்கு என்று கேளுங்கள். அலொன்சோவுக்கு பயேர்ன் ஆபத்து, அவரிடம் இழக்கப் பெயர் இருந்தது. கொம்பனிக்கு அது லொத்தர். தோற்றால் பயேர்ன் பைத்தியக்காரக் கழகம் என்பார்கள், வென்றால் இவர் மேதை. அதோடு 2013 தொடங்கி 2023 வரை தொடர்ந்து 11 லீக் கிண்ணம் எடுத்த கழகம், முன்னால் ஹரி கேன், ஜேர்மனியில் வேறு யாருக்கும் இல்லாத சம்பளப் பட்டியல். ஒரு வருடம் சறுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். சறுக்கின வருடத்துக்கு அடுத்த வருடம் வேலைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

டிக்கோயா பத்தாம் நம்பர்:

நைன் சொல்வதில் ஒரு பிடி இருக்கிறது. அப்படியென்றால் இந்த வருட ஆரம்பத்தை எடுங்கள். 2026 ஜனவரியின் முதல் இரண்டு வாரத்துக்குள் செல்சி, மன்செஸ்டர் யுனைட்டட், ரியல் மட்ரிட் மூன்றும் காலி. செல்சியில் மரெஸ்கா கொன்ஃபரன்ஸ் லீக்கும் கழக உலகக் கிண்ணமும் வென்று கொடுத்தவர், புத்தாண்டு அன்று வெளியே. யுனைட்டடில் அமொரிம் லீட்ஸ் போட்டி முடிந்து, தான் மேனேஜராக வந்தவன், வெறும் கோச்சாக வரவில்லை என்கிற மாதிரி பேசினார், மறுநாள் வேலை இல்லை. அப்புறம் அலொன்சோ. 2024-இல் அவ்வளவு நிதானமாகக் காத்திருந்த மனிதர், 2025-இல் மட்ரிட்டுக்குப் போய் எட்டு மாதம்கூடத் தாண்டவில்லை. இந்த மூன்றில் எதை எடுப்பீர்கள்? லெஃப்ட் பேக் அண்ணனின் கணக்குப்படி மூன்றுமே வேண்டாம் என்றல்லவா வரும்?

லிந்துலை லெஃப்ட் பேக்:

ஆமாம், அப்படித்தான் வரும். செல்சியில் 2022 செப்டெம்பரிலிருந்து டூஹெல், பொட்டர், இடையில் லம்பார்ட், பொச்சட்டீனோ, மரெஸ்கா. இவ்வளவு பேரும் மோசமான கோச் என்று யாராவது சொல்ல முடியுமா? மட்ரிட்டில் வேறு பிரச்சினை. அங்கே நட்சத்திரங்களுக்குத் தலைவரிடம் நேரடி வழி இருக்கிறது. ஒக்டோபரில் பார்சாவை வென்ற போட்டியிலேயே வினிசியஸை வெளியே எடுத்ததற்கு அவர் கோபித்துக்கொண்டு நேராக உள்ளே நடந்ததை எல்லோரும் பார்த்தோம். வென்ற நாளிலேயே அப்படி என்றால் தோற்ற நாளில் கோச்சுக்கு யார் துணை?

கட்டாயப்படுத்தினால் யுனைட்டட். 2024-25-இல் 15-ஆவதாக வந்த அணியை எட்டாவதுக்குக் கொண்டுவந்தாலே நன்றி சொல்வார்கள். அங்கே பல வருடம் கோச்சாக இருந்த ஃபெர்குசன் 2013-இல் போன பிறகு இதைச் சொல்லக்கூடிய முதல் காலம் இது.

பழைய கோலி:

இளந்தாரிகள் எல்லோரும் 2024, 2026 என்று பேசுகிறீர்கள். என் கட்சிக்கு 1974 போதும்.

அந்த ஒரே கோடையில் இங்கிலாந்தின் இரண்டு பெரிய கதிரைகள் காலியாயின. லீட்ஸில் டொன் ரெவி லீக் வென்ற கையோடு இங்கிலாந்து அணிக்குப் போனார். லிவர்பூலில் பில் ஷாங்க்லி எஃப்ஏ கிண்ணம் வென்ற கையோடு ஓய்வு என்று அறிவித்தார், யாரும் நம்பவில்லை. அன்று இரண்டு வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சம்பியன் லீட்ஸ்தான் ஒரு படி மேலே. அங்கே பிரையன் கிளஃப் போனார். ரெவியையும் அவருடைய வீரர்களையும் வருடக்கணக்கில் வெளிப்படையாகத் திட்டிக்கொண்டிருந்தவர், அதே வீரர்களுக்குக் கோச். 44 நாள்தான். லிவர்பூல் வெளியே தேடவில்லை, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பொப் பெய்ஸ்லியைப் பிடித்து உட்காரவைத்தது, அவருக்கே அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. ஒன்பது பருவம், ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கிண்ணம் (இன்றைய சம்பியன்ஸ் லீக்).

பெரிய மனிதரின் இடத்துக்குப் போகாதே, அவருக்கு அடுத்தவரின் இடத்துக்குப் போ என்று சொல்வார்கள். யுனைட்டடில் ஃபெர்குசனின் இடத்துக்குப் போன மொயஸைக் காட்டுவார்கள், ஆறு வருட ஒப்பந்தம், பத்து மாதம்கூட முழுதாக இல்லை. ஆனால் பெய்ஸ்லியும் பெரிய மனிதரின் இடத்துக்குத்தான் போனார், ஸ்லொட்டும் அப்படித்தான். முன்னால் இருந்தவர் எப்படிப் போனார், எதை விட்டுப் போனார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஷாங்க்லியும் க்ளொப்பும் வளர்கிற அணியை விட்டுப் போனார்கள். ஃபெர்குசன் விட்டுப்போன அணியில் ஃபெர்டினண்ட், விடிச், எவ்ரா, கிக்ஸ் எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள், அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போய்விட்டார். மொயஸ் பாவம், வீடு மட்டும்தான் கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை.

இன்னும் முடியவில்லை. அதே கிளஃப் 1975 ஜனவரியில் எங்கே போனார்? நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட், அப்போது இரண்டாம் பிரிவு. வேலை தேடுகிற யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத இடம். 1978-இல் லீக், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கிண்ணம். இன்று அதே ஃபொரெஸ்ட் என்ன செய்கிறது? 2025 செப்டெம்பரில் கோச் நூனோவை அனுப்பிவிட்டு பொஸ்டகோக்லூவைக் கொண்டுவந்து 39 நாளில் அவரையும் அனுப்பியது. கதிரை அதேதான், உட்காரவைக்கிறவன் வேறு.

நானுஓயா நைன்:

லொப்பெட்டெகியை மறந்துவிட்டீர்கள் அண்ணே. 2018 உலகக் கிண்ணத்துக்கு ஸ்பெயின் கோச், மட்ரிட் வேலைக்கு ஆம் என்றார், ஸ்பெயின் அவரைப் போட்டி தொடங்குவதற்கு முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியது, மட்ரிட் ஒக்டோபரில் அனுப்பியது. ஒரே வருடத்தில் இரண்டு கனவு வேலை, இரண்டும் போச்சு.

மஸ்கெலியா மாஸ்டர்:

நான் தோட்டத்துப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன், சம்பளம் கிடையாது, சமயத்தில் பந்துக்கும் காசு கிடையாது. அதனால் இந்த இழையை வாசிக்கும்போது சிரிப்பும் வந்தது, சில இடத்தில் நெஞ்சில் பட்டது.

பழைய கோலி சொன்ன கதிரை விஷயம் பிரீமியர் லீக்குக்கு மட்டுமில்லை. மாவட்டத்தில் ஒரு கழகம் என்னை ஒரு சுற்றுப்போட்டிக்குக் கோச்சாகக் கூப்பிட்டது, சீருடை எல்லாம் புதிது, வான் வசதி, டன்பார் மைதானத்தில் பயிற்சி. இதைவிட என்ன வேண்டும் என்று போனேன். போட்டி அன்று காலை தலைவரிடமிருந்து பதினொரு பேர் பட்டியல் ஃபோனில் வந்தது. அவருடைய அக்கா மகன் ஸ்ட்ரைக்கர். பையன் மோசமில்லை, ஆனால் அவன் கோல் கீப்பர். அந்தச் சுற்றோடு கும்பிடு போட்டுவிட்டேன். பெயர் வேண்டாம், ஹட்டன் பக்கம் ஆடுகிறவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

என் சொந்த மைதானத்தில் கீழ்ப்பக்கம் முழுக்கத் தேயிலை. பந்து அந்தப் பக்கம் போனால் செடிக்கு அடியில் கையை விட்டு நிரை நிரையாகத் தேட வேண்டும், அட்டைக்கடி வேறு. அதனால் பையன்கள் கீழ்ப்பக்க விங்கில் பந்தே கொடுக்க மாட்டார்கள், எல்லா ஆட்டமும் மேட்டுப் பக்கம். வெளி மைதானத்துக்குப் போனாலும் அந்தப் பழக்கம் விடாது, எதிரணிக்கு இது தெரிந்தால் ஒரு பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இதைத் திருத்தவே பாதிப் பயிற்சி போகிறது. ஆனால் யாரைப் போடுவது என்று எனக்கு யாரும் சொல்வதில்லை. ஸ்லொட்டிடம் காசு இருக்கிறது, இது அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நிற்க, ஒருவரும் இலங்கை அணி வேலையைச் சொல்லவில்லையே. 1995-இல் கொழும்பில் வென்ற தெற்காசியக் கிண்ணம்தான் நமக்கு மிச்சம். உலகத் தரவரிசையில் 200-ஐச் சுற்றித்தான் பல வருடம். 2023 ஜனவரியில் ஃபீஃபா நிர்வாகத் தலையீட்டுக்காகத் தடை போட்டது, ஓகஸ்டில்தான் எடுத்தது, இடையில் வந்த தெற்காசியப் போட்டியில் ஆடவே முடியவில்லை. கோச் என்ன செய்வான், ஒரு போட்டிகூட ஆடாமல் தோற்றவன் அவன். மன்செஸ்டர் சிட்டியின் பழைய அணித்தலைவர் ஆன்டி மொரிசன்கூட நம்மிடம் வேலை பார்த்திருக்கிறார். இருந்தாலும் லெஃப்ட் பேக்கின் யுனைட்டட் கணக்கு இங்கேயும் செல்லும்: இதற்குக் கீழே விழ இடமில்லை. வெளிநாட்டில் பிறந்த நம்ம பிள்ளைகள் இப்போது அணிக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு வெற்றி கிடைத்தால் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானம் நிரம்பும். எனக்கு உரிமம் இருந்தால் நான் விண்ணப்பிப்பேன்.

பண்டாரவளை பார்சா:

மாஸ்டர், கோல் கீப்பரை ஸ்ட்ரைக்கராகப் போட்ட கதையை முழுசாகத் தனியாக எழுதுங்கள்.

லெஃப்ட் பேக் அண்ணனுக்கு ஒரே பதில். மேலறை ஒழுங்காக இருந்தால் போதும் என்றால், அதே எட்வர்ட்ஸும் ஹியூஸும் இருந்த லிவர்பூல் 2025 கோடையில் 40 கோடி பவுணுக்கு மேல் செலவழித்து, இசாக்குக்கு மட்டும் 12.5 கோடி கொடுத்து, அந்த இலையுதிர் காலத்திலேயே வரிசையாகத் தோற்றது எப்படி? பார்சாவில் வாங்கக் காசு இல்லாததால் ஃப்ளிக் பெரும்பாலும் அதே அணியை இரண்டாம் வருடமும் வைத்திருந்தார். காசும் ஒரு ஆபத்துதான்.

லிந்துலை லெஃப்ட் பேக்:

அந்தக் கோடையில் தன் வீரர் ஜோட்டாவைக் கார் விபத்தில் இழந்த அணி அது, அதை வெறும் கணக்கில் போடாதீர்கள். மற்றபடி நீங்கள் சொல்வது சரி, ஒரேயடியாக அத்தனை பேரை மாற்றியது அதிகம். ஆனால் நான் 2024 மே மாதத்து வேலையைப் பற்றித்தான் பேசினேன், 2025 வேலை வேறு வேலை.

டிக்கோயா பத்தாம் நம்பர்:

சரி, எனக்கு விளங்கினது: லெஃப்ட் பேக் அண்ணனும் பழைய கோலியும் லிவர்பூல், பார்சா தம்பி எதிர்பார்த்தபடி பார்சா, நைன் பயேர்ன், மாஸ்டர் கொழும்பு. குழுவில் போய் ஒட்டிவிடுகிறேன். அடுத்து தேசிய அணி வேலைகளைத் தனி இழையாகப் போடலாமா? டூஹெல் இங்கிலாந்துக்கும் அன்செலொட்டி பிரேசிலுக்கும் போனது புத்திசாலித்தனமா, களைப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.